ஜன்னல் இல்லாத அறைக்கு ஒரு மரம்

கும்மிடிப்பூண்டி

அன்புள்ள ஹெலனுக்கு,

முதலில் என் மானம் போன கதை. நம் குட்டி மெர்சி ஆசைப்பட்டாளே என்று, கம்பெனி தங்கக் கொடுத்த அறையில் எனக்குத் துணைக்கு வைக்கப் போன்சாய் மரம் வாங்கப் புதுவாயல் நர்சரிக்குப் போனேன். பிளாஸ்டிக்கோ என்று கிள்ளிப் பார்த்தேன். இலை கையோடு வந்துவிட்டது.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "எங்க வெக்கப் போற சார்? ஜன்னலு கீதா, வெயிலு வருமா?" என்றார்.

"ரெண்டும் இல்லீங்க."

"அப்ப இன்னா மரம் வெச்சாலும் செத்துப் பூடும் சார். வெயிலு வர்ற ஊட்டுக்குக் குடுத்துடு."

கிள்ளிய மரத்தையே வாங்கி, ஊருக்கு வரும் லோகுவிடம் கொடுத்திருக்கிறேன். வாசல் வெயிலில் வை. நீங்கள் இருவரும் அதன் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ அனுப்புங்கள். உடம்பைப் பார்த்துக்கொள். ஷிப்ட் வண்டி வந்துவிட்டது.

அந்த அறையில்தான் மூன்று வருஷமாக நான் இருக்கிறேன் என்று மட்டும் கடைக்காரரிடம் சொல்லவில்லை.

ஜெரால்ட்