சனிக்கிழமைகளில் ஏறும் மட்டம்

வெர்னுவா, ஜூரா
15 அக்டோபர் 1978

அன்புள்ள அன்செல்ம் தம்பிக்கு,

உன் அண்ணி ஒடீல் எழுதுவது. நான் சுகம். மெர்சோவில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? அறுவடை முடிந்ததும் ஒரு வரி போடுவாய் என்று தபால்காரரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம். அண்ணன் செத்து மூன்று வருஷமானால் அண்ணியும் வேண்டாதவளா? கோபமில்லை, சும்மா கேட்டேன்.

இங்கே இன்னும் திராட்சை பறிக்கவே தொடங்கவில்லை. கோடையில் மழை ஏமாற்றிவிட்டது. சரிவிலுள்ள சாம்பல் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. பழம் சிறுத்து, தோல் தடித்து, பல் கூசுகிற புளிப்போடு நிற்கிறது. எங்கள் சாவன்யான் உங்கள் ஊர்த் திராட்சை மாதிரி சொன்ன நாளில் கனியாது. அதன் வீம்பை இன்னும் பத்து நாள் பொறுத்துத்தான் ஆகவேண்டும்.

எழுத வந்தது வேறு. கல்யாணமான வருஷம் உன் அண்ணன் ரெமியும் நானும் பிழிந்து வைத்த ஆறு பீப்பாய்க்கு வருகிற பிப்ரவரியில் ஆறு வருஷம் மூன்று மாதம் நிறைகிறது. மஞ்சள் ஒயினுக்கு அதுதான் காலம். அதுவரை மேலே ஒரு சொட்டு ஊற்றி நிரப்பக்கூடாது. ஒயின் தானாகக் குறைய வேண்டும். அதன்மேல் பால் மாதிரி ஏடு படிய வேண்டும். ஏடு அமிழ்ந்தால் எல்லாம் போச்சு. இந்நேரம் தட்டினால் பீப்பாயின் மேல்பக்கம் காலியாக ஒலிக்கவேண்டும். ஆறாவது பீப்பாய் அப்படி ஒலிக்கவில்லை, தம்பி. மூன்று சனிக்கிழமையாக அதில் மட்டம் ஏறுகிறது.

நிலவறைச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. அவர் கைபட்டதில் எனக்கு மிஞ்சியது இந்த ஆறு பீப்பாய்தான். அதையும் இழந்துவிடுவேனோ, தம்பி?

அன்புடன்,
ஒடீல்


மெர்சோ
24 அக்டோபர் 1978

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

எழுதாதது என் தப்புதான். நேரில் வரும்போது காதைத் திருகுங்கள்.

கடிதத்தைப் படித்ததும் அண்ணன் ஞாபகம்தான் வந்தது. உங்கள் வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே ஏழாவது பீப்பாயை விளிம்புவரை நிரப்பிவிட்டு, "வேலை முடிஞ்சுது!" என்று கை துடைத்துக்கொண்டு வந்து நின்றானாமே! அந்தப் பீப்பாய் கெட்டுப்போய், நீங்கள் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அவனே எழுதினான். அவனைச் சொல்லி என்ன பயன்? இங்கே பீப்பாய் குறையவே கூடாது. சனிக்கிழமை காலையில் கெண்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பீப்பாயாக நிரப்பிப் போவது எங்களுக்கு ஆறு வயதில் பழகிய வேலை. ஒரு விரல் குறைந்தாலும் அப்பா பிடரியில் ஒன்று வைப்பார்.

யாரிடமோ கள்ளச்சாவி இருக்கிறது. அடைப்பான் மேல் மெழுகை உருக்கி ஊற்றி, உங்கள் கல்யாண மோதிரத்தை அதில் அழுத்தி வையுங்கள். ஆள் அகப்படுவான். பயப்படாதீர்கள்.

உங்கள்,
அன்செல்ம்


வெர்னுவா
5 நவம்பர் 1978

அன்புள்ள தம்பி,

நீ சொன்னபடி திங்கட்கிழமை ஆறு பீப்பாய்க்கும் மெழுகு வைத்தேன். நேற்று சனிக்கிழமை, சாப்பிட்ட கையோடு இறங்கிப் பார்த்தேன். மெழுகில் ஒரு கீறல் இல்லை. மோதிர அச்சு அப்படியே இருந்தது. தட்டினேன். ஆறாவதில் மட்டம் இன்னும் ஏறியிருந்தது. இப்போது ஐந்தாவதிலும்.

மெழுகை உடைத்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஒயினில் வால்நட் வாசனைதானே வரவேண்டும்? வெண்ணெய் மணம் வந்தது, தம்பி. அது உன் வீட்டு ஒயின்.

யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். சனிக்கிழமை வந்தால் உன் அண்ணன் கை சும்மா இருக்காது. நிலவறையில் நின்று குறைகிற பீப்பாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கும் நான்தான், "இங்கே நின்னு ஏங்காதீங்க, மேலே போய்க் கொடியைப் பாருங்க" என்று விரட்டினேன். மழையில் ஊறிக் கிடந்த சரிவு அவர்மேல் இறங்கிவிட்டது. தோண்டி எடுத்தபோது வாயெல்லாம் களிமண். அனுப்பியவள் நான்.

ஒடீல்


மெர்சோ
14 நவம்பர் 1978

அன்புள்ள அண்ணி,

உங்களிடம் மறைத்துவிட்டேன். மன்னியுங்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து என் பீப்பாய் ஒன்றில் சனிக்கிழமைதோறும் ஒரு கெண்டி குறைகிறது. இந்த மாதம் இரண்டிரண்டு கெண்டி. பீப்பாய் செய்தவரைத் திட்டினேன், வேலையாட்களைச் சந்தேகப்பட்டேன். சின்ன வயதில் அண்ணன் பொறுப்பில் இருந்த பீப்பாய் அது.

போன சனிக்கிழமை காலையிலிருந்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடைப்பான் இறுக்கமாக இருந்தது. பதினொரு மணிக்கு உள்ளே ஒயின் களகளவென்று இறங்குவது என் உள்ளங்கையில் தெரிந்தது. கீழே ஒரு பொட்டு ஈரமில்லை. என் பின்னங்கழுத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். ஈரக் களிமண் வாடை. நான் திரும்பவில்லை, அண்ணி. தைரியம் வரவில்லை.

நீங்கள் சொன்னால் அண்ணன் கேட்பான். நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

அன்செல்ம்


வெர்னுவா
3 டிசம்பர் 1978

அன்புள்ள தம்பி,

சொல்லிவிட்டேன். போன மாதம் இருபத்தைந்தாம் தேதி, பதினொரு மணிக்கு, நிலவறை நடுவில் நின்று வெறும் காற்றைப் பார்த்து, "ஏங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், போதும்! இந்த நிலவறைக்குள்ள இனிமே கால் வைக்காதீங்க" என்றேன். ஆறாவது பீப்பாய்க்குப் பின்னால் கெண்டியைத் தரையில் மெதுவாக வைக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

நேற்று மட்டம் ஏறவில்லை. இரண்டு பீப்பாய் கெட்டது கெட்டதுதான். நான்கில் ஏடு முழுசாக இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியவள் விடியற்காலையிலிருந்து அழுதுகொண்டிருக்கிறேன். இரண்டாவது தடவையும் விரட்டிவிட்டேனே, தம்பி! நான்கு பீப்பாய்க்காக!

உன் பீப்பாய் குறைகிறதா, இல்லையா? என் மனசுக்காகப் பொய் சொல்லாதே.

ஒடீல்


மெர்சோ
12 டிசம்பர் 1978

அன்புள்ள அண்ணி,

உண்மையைச் சொல்கிறேன். இரண்டாம் தேதி குறையவில்லை. அப்பாடா என்றிருந்தது. ஒன்பதாம் தேதி மறுபடி குறைந்தது. கெண்டிக்கணக்கில் இல்லை, கொஞ்சம்தான். ஒரு தம்ளர் இருக்கும்.

எங்கே கொண்டுபோகிறான்? உங்கள் நான்கு பீப்பாயையும் பாருங்கள். அப்புறம் ஒன்று, அந்த வீட்டில் இனி நீங்கள் தனியாக இருக்க வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு இங்கே வாருங்கள். இருபத்துமூன்றாம் தேதி காரோடு வருகிறேன். மறுக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

உங்கள்,
அன்செல்ம்


வெர்னுவா
17 டிசம்பர் 1978

என் அன்புத் தம்பி,

நான்கு பீப்பாயும் பத்திரம். அவற்றை யாரும் தொடவில்லை.

நேற்று மத்தியானம் சமையலறையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரொட்டி, பாலாடைக்கட்டி, பாதி குடித்து வைத்த ஒரு தம்ளர் ஒயின். சூப்பை இறக்க அடுப்புப் பக்கம் திரும்பினேன். வந்து பார்த்தால் தம்ளர் விளிம்புவரை நிறைந்திருக்கிறது. அதற்கு முந்தின சனிக்கிழமையும் இப்படித்தான். என் ஞாபகமறதி என்று விட்டுவிட்டேன். இந்தத் தடவை முகர்ந்து பார்த்தேன். வெண்ணெய் மணம்.

நிலவறைக்குள் வரவேண்டாம் என்றுதானே சொன்னேன்? சமையலறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

எதிர் நாற்காலியில் ஈரக் களிமண் ஒட்டியிருந்தது. நான் துடைக்கவில்லை. தம்ளரை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். வேண்டுமென்றே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, "இன்னும் கொஞ்சம்" என்றேன். ஊற்றுகிற சத்தம் கேட்டது.

காரெல்லாம் கொண்டு வராதே. இருபத்துமூன்றாம் தேதி சனிக்கிழமை, நான் வீட்டில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு என் முத்தம். உன் அண்ணனின் அந்தப் பீப்பாயை மட்டும் குறையவிடாமல் பார்த்துக்கொள், தம்பி.

உன் அண்ணி,
ஒடீல்