குருக்கள் குரலில் ஒரு போன்

செப். 29, திங்கள். மதியம் கனமழை.

நாட்டு மக்களுக்கு ஓர் அறிவிப்பு: எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் தக்காளிக்குப் பின்னால் பதுங்கியிருந்த கடைசி முட்டையும் இன்று பிடிபட்டது. புரட்டாசி என்பதால் பக்கத்து வீட்டுக்கு நாடு கடத்தல்.

பிறகு கிளினிக். அப்பாவுக்கும் எனக்கும் போன வாரம் எடுத்த ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளின் முடிவு. அப்பா வருஷா வருஷம் புரட்டாசியில்தான் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பார். இறைச்சி தொடாத மாதம், ரிப்போர்ட் அழகாக வருமென்று கணக்கு. பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் படிக்கும் என் முறைதான்.

அழகாக வரவில்லை.

"மட்டன் தொடவே இல்ல டாக்டர்."

"இது சாப்பிட்டு வந்த கொலஸ்ட்ரால் இல்ல அங்கிள், பரம்பரை. விரதம் இருந்து மட்டும் இறங்காது." டாக்டர் தாளைத் திருப்பினார். "இந்தத் தடவ யூரின்ல புரோட்டீனும் கசியுது. கிட்னில கோளாறு ஆரம்பிக்குது. உங்க கொலஸ்ட்ராலோட சேத்துப் பார்த்தா அது ஹார்ட்டுக்கும் எச்சரிக்கை. மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன் டாக்டர்."

எனக்கும் அதே கொலஸ்ட்ரால். மூக்கும் அதுவும் அப்பா வழிச் சொத்து. கிட்னி சுத்தம். எனக்கும் மாத்திரை. பயமா? எனக்கா?

அக். 2, வியாழன். வெயில். கணக்கு வீட்டுப்பாடம் செய்யவில்லை.

சமையலறைச் சண்டை, கதவுக்கு இந்தப் பக்கம் கேட்ட வரை:

"டாக்டர்கிட்ட எதுக்குப் பொய் சொன்னீங்க?" அம்மா.

"மாத்திரைல மாட்டு எலும்பு கலக்கறாங்களாம். கோயில் வாட்ஸ்அப் குரூப்ல வந்துச்சு. புரட்டாசி முடியட்டும்லா."

"உங்க அண்ணன் ஹார்ட்ல போனப்போ நாப்பதுகூட ஆகல."

யாரோ குழாயைத் திறந்த சத்தம்.

மருந்துக் கடை அக்காவிடம் கேட்டேன். "உங்கப்பா மாத்திரையில மாடும் இல்ல ஆடும் இல்ல தம்பி." அதை அப்பாவிடம் சொன்னேன். "விக்கறவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

டாக்டர் சொன்னாலும் கேட்கமாட்டார், கடையில் சொன்னாலும் கேட்கமாட்டார். கோயில் சொன்னால் கேட்பார். சரி, கோயிலே பேசட்டும்.

அக். 4, சனி. மேகமூட்டம்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் டியூஷன். முடிந்ததும் கூட்டாளி தினேஷின் போனை இரவல் வாங்கி, அங்கிருக்கும் ஒரு கோயிலுக்குப் பின்சந்தில் நின்றேன். மணிச் சத்தம் இலவசம். மூக்கைப் பிடித்துக்கொண்டு, குருக்கள் குரலில் அப்பாவை அழைத்தேன்.

"நமஸ்காரம். கோயில்லேர்ந்து பேசறேன். குரூப்ல மருந்தப் பத்தி ஒரு செய்தி சுத்தறது, நம்பாதேள். நோய்க்குச் சாப்பிடற மருந்துக்கு விரதமே கிடையாது."

"சரிங்க சாமி," என்றார் அப்பா, பயபக்தியோடு.

தினேஷ் சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திச் சிரித்துக் கிசுகிசுத்தான். "டேய், நீ நடிக்கப் போயிடு."

நடிப்பு: பத்துக்குப் பத்து. குரல்: பத்துக்குப் பதினொன்று. கிள்ளானில் எனக்குச் சிலை வைக்க இடம் பார்க்கவும்.

அக். 5, ஞாயிறு.

இட்லி. அப்பா மாத்திரையைப் பிரித்துப் போட்டார், தண்ணீர் குடித்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் சாம்பாரைப் பார்த்தேன். வெற்றி.

அக். 7, செவ்வாய். தூறல்.

அப்பாவும் நானும் கார் கழுவினோம். தூறலில் கழுவுவது அவர் கொள்கை. தண்ணீர் மிச்சமாம்.

"உன் மாத்திரையப் போட்டியா?"

"போட்டேன்பா."

"நானும் போட்டுட்டேன்." பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "குருக்கள் நல்லாத்தான் பேசினாரு. நடுவுல நம்ம வீட்டு 'லா' ஒண்ணு போட்டாரு, பரவால்ல. ஆனா எதுக்குடா அழுதாரு?"

நான் டயரைத் தேய்த்தேன். ஏற்கெனவே தேய்த்த டயர்.

சனிக்கிழமை எழுதாமல் விட்டது: "வீட்ல ஒரு பையன் இருக்கானோல்லியோ" என்ற இடத்தில் குருக்கள் அழுதுவிட்டார். மீதியைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டார். தினேஷ் சிரித்தது அதற்கு முன்னால். பிறகு சிரிக்கவில்லை, டிஷ்யூ கொடுத்தான்.

நடிப்பு: பத்துக்கு நாலு.