விட்டாச்சு

கார்த்திகை, செவ்வாய் இரவு

நேற்றெல்லாம் ஆந்திரப் பக்கம் மழை. காலையில் அக்கா வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். பாவா ஊருக்குப் பக்கத்தில்தான் பள்ளிப்பட்டு ஆற்றின் அணை. "அங்க எப்படி இருக்குது பாவா?" என்றேன். "ஆங், விட்டாச்சு மச்சான்" என்றார். மழை விட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். பள்ளிப்பட்டில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த மனைவி சாரதாவிடம், "மழை விட்டுச்சாம், கிளம்பி வா" என்றேன்.

பாவா சொன்னது அணைத் தண்ணீரை.

இங்கே திருத்தணியில் நல்ல வெயில். அவளோ தரைப்பாலத்தில் பாதி தூரம் வந்திருக்கிறாள், தண்ணீர் வண்டிச் சக்கரத்தைத் தொட்டிருக்கிறது. திரும்பிப் போய்விட்டாள். "செவப்பா வந்துகினே இருக்குது. நான் அம்மா வீட்லயே இருக்கறேன், நீங்க சாப்டுங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

சற்றுமுன் பாவாவே கூப்பிட்டார். "மூடியாச்சு மச்சான், காலைல வடிஞ்சிடும்."

"எத்த பாவா மூடனாங்க?"

"அணைக் கதவத்தான். வேற எத்த மூடுவாங்க?" சிரித்தார்.

காலையிலும் 'எத்த' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாதிப் பாலம் தாண்டி வந்திருந்தால்...