ஆறாவது பாரம்

ஜூலை 2, புதன்

நான் பிழை திருத்தும் அச்சகத்திலேயே என் கதைப் புத்தகமும் அச்சாகிறது. பதினாறு பக்கம் ஒரு பாரம். இன்று ஆறாவது பாரம், 81 முதல் 96 வரை, மடிக்கப் போய்விட்டது. மடிப்பவள் அய்யம்மாள். அந்தப் பக்கங்களில் இருப்பது அவள் கதை.

நாலு வருஷத்துக்கு முன் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போவதற்காக, தனக்குப் பதில் வெடி கம்பெனிக்குப் போகச் சொல்லி அண்ணன் மனைவி மாரித்தாயைக் கெஞ்சினாள். அன்றுதான் அங்கே மருந்து அறை வெடித்து மாரித்தாய் செத்துப்போனாள். மாரித்தாய் தானாகத்தான் போனாள் என்று அண்ணன் முத்துக்கருப்பனிடம் சொல்லிவிட்டு, நாரணாபுரத்தில் அவர் வீட்டிலேயே இருந்து அவர் மகள் பானுப்பிரியாவை வளர்க்கிறாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள். "எழுதிராதீகக்கா." சரி என்று தலையாட்டினேன்.

ஆட்டிவிட்டு எழுதினேன். பெயரை மட்டும் மாற்றினேன். ஊரையும் கோயிலையும் மாற்ற மனம் வரவில்லை. கதை கெட்டுவிடுமாம்! மடிக்கிறவர்கள் எங்கே படிக்கப் போகிறார்கள் என்று ஒரு தைரியம் வேறு. பரிகாரம் மாதிரி, முதல் பக்கத்தில் 'மாரித்தாய் நினைவுக்கு' என்று போட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

முதல் பிரதி! இரண்டுதான் கட்டியிருந்தார்கள். முதலாளி அய்யாதுரை அண்ணாச்சி இரண்டையும் சாமி படத்துக்கு முன் வைத்து, அட்டையின் நாலு மூலையிலும் குங்குமம் வைத்து, ஒன்றை என்னிடம் கொடுத்தார். இன்னொன்றை அய்யம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"மதினி பேரு போட்ட புக்கு எங்கன்னு அண்ணன் தெனமும் கேக்குதுக்கா."

என்ன சொல்லித் தடுப்பேன்?

வீட்டில் வந்து பிரித்தால், 80க்குப் பிறகு 97. ஆறாவது பாரமே இல்லை. முதலில் வந்தது நிம்மதிதான். கோபம் பிறகுதான் வந்தது.

ஜூலை 5, சனி

காட்டினேன். அய்யம்மாள் முகம் வெளிறிப்போனது.

"அய்யோ, இது அண்ணனுக்குன்னு கட்டுனதுக்கா."

மடிக்கும்போதே எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள். அண்ணன் பிரதியில் மட்டும் அந்தப் பாரத்தை விட்டுவிட்டு, அடையாளத்துக்கு அட்டை மூலையில் துளி குங்குமம் வைத்திருக்கிறாள். அண்ணாச்சி இரண்டுக்கும் வைத்ததில் அடையாளம் போச்சு. முழுப் புத்தகம் இப்போது முத்துக்கருப்பன் கையில்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றேன். என்ன வாய் எனக்கு!

"என்னத்தக் கேக்க? நீங்கதான் அன்னைக்குச் சரின்னு தலைய ஆட்டுனீகளே."

என் பிரதியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அண்ணன் நேற்றே நாற்பதாம் பக்கம் வந்துவிட்டாராம்.

ஜூலை 6, ஞாயிறு

மாரியாத்தா, அவர் மெதுவாகப் படிக்கிற ஆளாக இருக்கட்டும்.

ஜூலை 7, திங்கள்

அய்யம்மாள் வேலைக்கு வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

வந்தாள். நாரணாபுரத்திலிருந்து நடந்தே வருகிறவள், இன்று தாயில்பட்டி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அங்கே அவளுடைய சித்தி வீடு.

"நான் போறதுக்குள்ள படிச்சிருச்சுக்கா. வையல. பேசவும் இல்ல. நானாத்தான் கெளம்பிட்டேன்."

பானுப்பிரியா? அவளை இனி யார் வளர்ப்பார்கள்?

மீதி ஐந்நூறு பிரதியிலும் அந்தப் பாரத்தை எடுத்துவிடச் சொல்கிறேன் என்றேன்.

"எதுக்கு? யாரு படிக்கக் கூடாதோ அவுக படிச்சாச்சு." குனிந்து அடுத்த தாளை மடித்தாள். பிறகு நிமிராமலே சொன்னாள்: "இதையும் எழுதிராதீக."

சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவவில்லை, நோட்டை எடுத்துவிட்டேன்.