பெயர் தெரியாத பயனர்

மார்ச் 3
நம் நிரலை வைத்திருக்கும் தளத்திலிருந்து மறுபடி கடிதம். பழைய தளத்தை மூடுகிறார்கள். மாதக் கடைசிக்குள் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிக்கொள்ள வேண்டுமாம். ஒன்பது வருடமாக இலவசமாகக் கொடுத்துவரும் மென்பொருள் — கண் தெரியாதவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துக்காட்டுவது. "ஒரு பட்டனை அமுக்கினா முடிஞ்சுது" என்கிறார் வீட்டுக்காரர். அவருக்கென்ன.

மார்ச் 8
ஒத்திகை பார்த்தேன். நிரல் ஒரு வரி குறையாமல் வந்துவிட்டது. ஆனால் பாதிக்கு மேல் "பெயர் தெரியாத பயனர்" எழுதியதாகக் காட்டுகிறது. அத்தனையும் வக்கீல் எழுதியது. எதற்கெடுத்தாலும் வாதாடுவான் என்று நான் வைத்த பெயர் அது. ஆறு வருடம் என்னோடு சேர்ந்து எழுதியவன்; மூன்று வருடத்துக்கு முன் சண்டை போட்டு, தளத்தில் இருந்த தன் கணக்கை அழித்துவிட்டுப் போனவன். பழைய மின்னஞ்சலை அவனே உறுதி செய்தால்தான் பெயர் வரும்.

மார்ச் 9
அவனுக்கு எழுதலாமா?

மார்ச் 10
எழுதவில்லை.

மார்ச் 14
தளத்தில் நாங்கள் எழுதிக்கொண்ட பழைய விவாதங்களை மாற்றும்போது அந்தச் சண்டையும் வந்து நின்றது. நாற்பத்தோரு பதில்கள். உட்கார்ந்து படித்தேன். வேகமாக வாசிக்கும்போது எண்கள் விழுங்கப்படுகின்றன, நடுவே சின்ன இடைவெளி வேண்டும் என்கிறான் அவன். நான், எல்லார் முன்னாலும்: "இது உன் வீட்டுச் சொத்து இல்லை." இதையா எழுதினேன்?

போன வருடம் மாத்திரை அளவு தப்பாகக் கேட்டது என்று ஒரு அம்மா எழுதினார். பதறிப்போய் நான் செய்த திருத்தம் — அவன் சொன்ன அதே இடைவெளிதான். நானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன மனுஷி நான்.

மார்ச் 15
தளம் மாறுவதைச் சொல்லி, பெயரை உறுதி செய்யக் கேட்டு அவனுக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 20
பதில் இல்லை. வீட்டுக்கே போன் செய்தேன். அவன் மனைவி எடுத்தாள். "உங்க லெட்டரைப் படிச்சாருங்க. அதுலேர்ந்து சரியாவே பேசலை."
"அவன் சொன்னதுதான் சரி, நான்தான் தப்புன்னு சொல்லும்மா. அந்தப் பேரை உறுதி செய்யணும்கிறதுக்காகச் சொல்லலை."
வைத்த பிறகு அழுகை வந்தது. இந்த வயதில்.

மார்ச் 27
காலையில் அவனே கூப்பிட்டான். "அக்கா, அவகிட்ட சொன்னதை எல்லார் முன்னாடியும் எழுதுவீங்களா?"
"எழுதறேன்."
எழுதினேன். அதே விவாதத்தின் அடியில், நாற்பத்திரண்டாவது பதிலாக. போனை வைக்காமலே அவன் அதைப் படித்தான். பிறகு பழைய மின்னஞ்சலை உறுதி செய்தான். பக்கத்தைத் திரும்பத் திறந்தேன் — ஆறு வருட வேலை முழுக்க அவன் பெயர்.
"திரும்ப வர்றியா?"
"பார்க்கலாம்க்கா."
வர மாட்டான் என்றுதான் தோன்றியது.

மார்ச் 31
எல்லாம் புதுத் தளத்துக்கு வந்துவிட்டது. பயன்படுத்துகிறவர்கள் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் வேண்டும்.

மே 12
நேற்று நான் போட்ட திருத்தத்தை வக்கீல் திருப்பி அனுப்பியிருக்கிறான். காரணம் ஐந்து வரியில், மரியாதையாக. அவன் சொல்வது சரி. மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.