செல்லத்தாய் சொன்ன பெயர்

சோழபுரம்,
சார்வரி வருஷம், ஆவணி மாதம்.

பர்மாவில் மாந்தலைப் பட்டாளத்தில் இருக்கும் என் மகன் சிரஞ்சீவி முத்துவீரனுக்கு, உன் அய்யா வீரணன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். போன கடிதத்திலும் அப்படித்தான் எழுதினேன். அது பொய். உன் தங்கை செல்லத்தாய் சுகமாக இல்லை. உன் சம்சாரம் கருத்தம்மா நன்றாக இருக்கிறாள். இந்த வீடு இன்று வீடாக இருப்பது அவளால்தான். மழை ஒன்று பெய்தது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மயிலைக்காளைக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. மற்றதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யாராவது உனக்கு வேறு விதமாகச் சொல்லிவிடுவார்கள்.

ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தோம். தேர் நிலைக்கு வந்தபின், ரத வீதி ஓரத்தில் ஒரு பெண் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்ததைக் கருத்தம்மாதான் முதலில் பார்த்தாள். அது செல்லத்தாய். அவளை உன் மச்சினன் தனுஷ்கோடிக்குக் கொடுத்து, அவன் தங்கை கருத்தம்மாவை உனக்கு எடுத்தோமே, அந்த வீட்டை விட்டு, கூமாப்பட்டியிலிருந்து சுந்தரபாண்டியம் வழியாகத் தனியாக நடந்தே வந்ததை வழியில் பார்த்தவர்கள் சொன்னார்கள். வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. உலக்கைச் சத்தம் கேட்டால் நடுங்கினாள். பின்னால் யாராவது வந்தால் மூலையில் போய் ஒடுங்கினாள். சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிட மறந்துபோனாள்.

தனியாக வந்த பெண்ணை வழியில் ஏதோ பிடித்துவிட்டது என்று ஊரே சொன்னது. எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. பேய் என்றால் குடும்ப மானத்துக்குக் குறைவில்லை பார். பேயோட்டக் கோடாங்கி மொக்கைச்சாமியை வரவழைத்தேன். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் கூட்டம் கூடிவிட்டது. அவன் உடுக்கை அடித்து, பிறகு சாட்டையை எடுத்து, "யாரு நீ, எந்த ஊரு, பேரைச் சொல்லு" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். அவள் அசையாதபடி தலைமுடியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

கடைசியில் வாய் திறந்தாள். "தனுஷ்கோடி, கூமாப்பட்டி" என்றாள். எதற்காகப் பிடித்தாய் என்று அவன் கேட்டதற்கு, "எங்க அய்யாதான புடிச்சுக் குடுத்தாரு" என்றாள்.

நம் பக்கத்தில் எந்தப் பெண் புருஷன் பேரை வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறாய்? உன் தாயார் சாகும்வரை என் பேரைச் சொன்னதில்லை. அதனால் பேசுவது செல்லத்தாய் இல்லை, பேய்தான் என்று அங்கிருந்த அத்தனை பேரும் முடிவு கட்டிவிட்டோம். உயிரோடு இருக்கிறவன் பேரைச் சொல்லி ஏமாற்றுகிறது என்று மொக்கைச்சாமி இன்னும் ஓங்கினான். நானும் பிடியை இறுக்கினேன்.

கருத்தம்மாதான் அத்தனை ஆண்களையும் தள்ளிக்கொண்டு வந்து குறுக்கே விழுந்தாள். ஒரு அடி அவள் தோளிலும் பட்டது. "கையை எடுங்க மாமா. பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க அண்ணன் பேரைத்தான் சொல்லுதா. அவன் எம்புட்டு அடிச்சிருந்தா ஒரு பொம்பள கட்டுனவன் பேரை ஊரு முன்னால சொல்லுவா?" என்று கேட்டாள். என் கை தானாக விட்டுவிட்டது.

அவள் அடிபடுவது எனக்குத் தெரியாது என்று உன்னிடம் சொல்ல நாக்கு எழவில்லை. போன வருஷம் ஆடிக்கு வந்திருந்தபோதே, "அவிய அடி தாங்க முடியல அய்யா, நான் போகல" என்று அவள் அழுதாள். "நீ இங்கே உட்கார்ந்தால் கருத்தம்மாவைத் திருப்பிக் கேட்பார்கள், உன் அண்ணன் குடும்பம் என்னாவது, பொறுத்துக்கொள்" என்று நான்தான் வண்டியில் ஏற்றினேன். உன் வாழ்க்கையைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

இப்போது ராஜபாளையத்திலிருந்து ரஹ்மத் பீவி வந்து மருந்து போடுகிறார். பெண்களுக்குப் புண், சுளுக்கு, பிரசவம் எல்லாம் பார்க்கிறவர். எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு, "தொடட்டுமா தாயீ" என்று கேட்கிறார். இவள் தலையாட்டும்வரை கையை நீட்டுவதில்லை. சாட்டைத் தடத்துக்குக் கீழே பழைய தழும்புகளும் சூடு வைத்த அடையாளமும் இருப்பதாகச் சொன்னார். "புண்ணு ஆறிரும். மத்தது மெதுவாத்தான் ஆறும். என்ன நடந்துச்சுன்னு நோண்டாதிய. அவளா சொன்னா செத்த நேரம் உக்காந்து கேளுங்க" என்றார். அப்படியே செய்கிறோம். கருத்தம்மா அவள் பக்கத்திலேயே படுக்கிறாள், ஒரே வட்டிலில் சாப்பிடுகிறாள். இந்த வாரம் இரண்டு பேருமாகக் கிணற்றடிக்குப் போனார்கள். கன்றுக்குட்டி என் தலைப்பாகையை இழுத்து மென்றபோது செல்லத்தாய் சிரித்தாள். நானும் தலைப்பாகையைப் பிடுங்காமல் விட்டுவிட்டேன்.

கூமாப்பட்டியார் நம்மூர் சங்கையாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். புரட்டாசி பிறப்பதற்குள் செல்லத்தாயை அனுப்ப வேண்டுமாம், இல்லாவிட்டால் கருத்தம்மாவை அழைத்துப்போக ஆட்கள் வருவார்களாம். கருத்தம்மா வாசலுக்கு வந்து அவரிடமே, "நான் வாரதா இல்லைன்னு சொல்லிருங்க. எங்க வீட்டுக் கதவு எனக்குச் சாத்துனா சாத்திட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டாள். நானும் ஊர்ச் சாவடியில் போய், என் மகளுக்குப் பேய் இல்லை, அடித்து வதைத்திருக்கிறார்கள், அனுப்பமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சிலர் எழுந்து போய்விட்டார்கள். போகட்டும்.

அவள் அண்ணன் செய்ததற்காகக் கருத்தம்மாவை நீ ஒரு சொல் சொல்லாதே. லீவு கிடைத்து வந்தால் நேராகக் கூமாப்பட்டிக்குக் கம்பெடுத்துக்கொண்டு போகாதே. உன் கோபம் எனக்குத் தெரியும், என்னிடமிருந்து வந்ததுதானே. இன்னொரு அடிதடியைச் செல்லத்தாய் தாங்கமாட்டாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நேற்று அவளிடம், நீ இனி எங்கேயும் போகவேண்டாம், இது உன் வீடு என்று சொன்னேன். "சரிங்கய்யா" என்றாள். போன வருஷம் வண்டியில் ஏறு என்று சொன்னபோதும் இதே "சரிங்கய்யா"தான் சொன்னாள். மாற்றுச் சேலையை மூட்டையாகக் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் இன்னமும் படுக்கிறாள்.

ஆகையால் அவள் பேருக்கு நீ நாலு வரி எழுது. யாரும் அவளை அனுப்பமாட்டார்கள் என்று அண்ணன் கையால் எழுது. வாசித்துக் காட்டப்போவது என் குரல்தான். ஆனாலும் உன் வார்த்தை என்றால் நம்புவாள். ஆண்டாள் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும். செல்லத்தாயின் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்ய எனக்குக் கை எழவில்லை. அவளுக்குச் சேரவேண்டியதையும் சேர்த்து உனக்கே அனுப்புகிறேன். நீ அதை அவளுக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அய்யா
வீரணன்