தேவிகாவின் கட்டுரையைத் திறந்தவர்கள்

செவ்வாய்க்கிழமை, ஹட்டன்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. மகள் தேவிகா கண்டியில் கிருமி ஆராய்ச்சி செய்கிறாள். அடுத்த வாரம் பதவி உயர்வுக்கு நேர்முகம். அவள் கட்டுரைகளை எத்தனை ஆராய்ச்சியாளர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்களாம். குறைவுதான் என்று கலங்கினாள். நான் வியாபாரி, சும்மா இருப்பேனா? தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு வரும் ஊற்றுத் தண்ணீரைப் பற்றிய அவள் கட்டுரையைச் சந்தை வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தினமும் கடை திறந்ததும் ஆளுக்கொரு தடவை அதையும் திறக்கச் சொன்னேன். திறந்தார்கள்.

இன்று மாலை அழைத்தாள்.

"அப்பா, கட்டுரைய எந்த ஊர்ல எத்தன பேர் தொறந்தாங்கன்னு கணக்கு வருது. ஹட்டன்ல இருந்து மட்டும் இத்தன பேரா? நானே ஆள் வச்சுப் பண்ணேன்னு நெனைப்பாங்க. நிப்பாட்டுங்க."

"கூட்டம் வந்தா யாவாரம் நடக்கும்னு நெனைச்சேன்மா."

"தொறந்தா போதாதுப்பா, படிக்கணும். படிச்சு, அத வச்சு இன்னொருத்தர் ஆராய்ச்சி பண்ணணும்." வைத்துவிட்டாள்.

குழுவில் நிறுத்தச் சொன்னேன். டீக்கடைச் செல்வம் மட்டும் அழைத்தான்.

"நிப்பாட்டுறேண்ணே. இங்கிலீசு ஒண்ணும் வெளங்கல. படத்துல இருக்கிறது நம்ம ஊத்துதானே? அந்தத் தண்ணிய அப்படியே குடிக்கலாமா, கூடாதா?"

எனக்குத் தெரியவில்லை. ஊரையே திறக்க வைத்த நான் மகளிடம் அதை ஒருநாளும் கேட்டதில்லை. காலையில் கேட்க வேண்டும். போனை எடுப்பாளோ என்னவோ. இந்த நேர்முகம் மட்டும் என்னால் கெட்டுவிடக் கூடாது.

தாகமாக இருக்கிறது. எங்கள் குழாயில் வருவதும் அதே ஊற்றுத் தண்ணீர்தான். கேத்தலை அடுப்பில் வைத்திருக்கிறேன். நன்றாகக் கொதிக்கட்டும்.